தூங்குமூஞ்சிப் பெட்டி

அந்த வேன் தெருமுனையில் திரும்பும் முன்பே அதன் வாசனை திரும்பிவிடும். யாரோ பெரிய சட்டி வைத்து எதையோ பொரித்துக்கொண்டிருப்பது போன்ற வாசனை. தெருநாய்கள் இரண்டு நாக்கைத் தொங்கவிட்டபடி, நம்பிக்கையோடு வேனின் பின்னால் ஓடிவரும். மூன்றாவது திருப்பத்தில் ஏமாந்து திரும்பிப் போகும். மறுநாளும் வரும்.

பள்ளிப் பிள்ளைகள் அந்த வேனுக்கு 'எண்ணெய்ச்சட்டி' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அதை ஓட்டுபவர் மூக்கியின் அம்மா. மூக்கி என்பது பட்டப்பெயர். பக்கத்து வீட்டு அடுப்பில் பால் தீய்ந்தாலும், எதிர்வீட்டில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாலும் முதலில் கண்டுபிடிப்பவள் அவள்தான். பத்து வயது மூக்கிக்கு அந்தப் பெயரில் வருத்தம் ஏதும் இல்லை. கொஞ்சம் பெருமைகூட உண்டு.

எண்ணெய்ச்சட்டி சாதாரண டீசலில் ஓடும் வண்டி அன்று. உணவுக் கடைகளில் பொரித்து முடித்த பழைய எண்ணெயை மூக்கியின் அப்பா வாங்கி வருவார். வீட்டின் பின்புறக் கொட்டகையில் அதை வடிகட்டி, மருந்து கலந்து, தண்ணீர் விட்டுக் கழுவி, தெளியவைத்துப் பயோடீசல் ஆக்குவார்.

"சாக்கடைக்குப் போக வேண்டிய எண்ணெய். இப்ப பாரு, பள்ளிக்கூடம் போகுது!" என்று சொல்லிச் சிரிப்பார்.

பள்ளிக்கூடம் போனதில் குறையில்லை. போகும் வழியெல்லாம் மணந்ததுதான் குறை. அதற்காகத்தான் சென்ற மாதம் சித்தி ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார்.

சித்தி, அம்மாவின் தங்கை. மலைமேல் மெக்கானிக் பட்டறை வைத்திருப்பவர். ஊரின் நடுவே எழுந்து நிற்கும் அந்தச் சிறு மலையில் ஏறும் வண்டிகளில் பாதி, சித்தியின் பட்டறை வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்.

"இதுக்குப் பேரு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்," என்றார் சித்தி.

"வாயில நுழையல," என்றார் அப்பா.

"வாயில நுழைய வேணாம் மாமா. குழாயில நுழைஞ்சா போதும்."

பார்ப்பதற்கு அது ஒரு சாதாரணத் தகரப் பெட்டி. உள்ளே எட்டிப் பார்த்தால் தேன்கூட்டைப் போல ஆயிரக்கணக்கான நுண்ணிய துளைகள். புகை அந்தத் துளைகளின் வழியே போகும்போது, அதிலிருக்கும் கெட்ட வாயுக்கள் மாறிவிடும், வாடையும் குறைந்துவிடும். துளைகளின் உட்புறம் பூசியிருக்கும் உலோகப் பூச்சு செய்யும் வேலை அது. சித்தி அந்தப் பெட்டியை வேனின் அடியில், புகைக்குழாயின் நடுவே பொருத்தினார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இனிமே உன் வண்டி பின்னால நாய் வராதுக்கா. நான் பொறுப்பு."

மறுநாள் காலை, நாய்கள் இரண்டும் வந்தன.

அதனால் மிகவும் துன்பப்பட்டவன் பொடியன். தையல்காரரின் மகன்; ஆறு வயது; காலையில் முதலில் ஏறுபவன். வேன் புறப்பட்ட மூன்றாவது நிமிடத்தில் அவனுடைய தெரு வந்துவிடும். பின்கதவைத் திறந்தால் புகையும் அவனோடு சேர்ந்து ஏறும். பாதி வழிக்குள் அவன் முகம் வெளுத்துவிடும்.

அந்தத் திங்கட்கிழமை, பொடியன் மூக்கில் ஒரு துணி கிளிப்பை மாட்டிக்கொண்டு நின்றான்.

"பூக்கி அக்கா," என்றான். மூக்கை அடைத்தால் 'மூ'வும் 'பூ'வாகிவிடும் போலும்.

"இது என்னடா கோலம்?"

"கொடியிலேர்ந்து எடுத்தேன். வலிக்குது. ஆனா வாடை வராது."

மூக்கி சிரிக்கவில்லை. கிளிப் கடித்த இடம் சிவந்திருந்தது.

பொடியனின் பின்னால் தையல்காரரும் நின்றார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அவர் ஓட்டுநர் இருக்கைப் பக்கம் வந்து, தணிந்த குரலில் பேசினார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. பையன் போன வாரம் ரெண்டு தடவை வகுப்புல வாந்தி எடுத்துட்டான். வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கிறேன். சரியாகலைன்னா, அடுத்த வாரத்துலேர்ந்து நானே நடத்திக் கூட்டிட்டுப் போயிடறேன்."

"நடந்தா முக்கால் மணி நேரம் ஆகுமேண்ணே!"

"ஆகும். வேற என்ன செய்ய?"

மூக்கி பொடியனின் கால்களைப் பார்த்தாள். இருக்கையில் உட்கார்ந்தால் தரையைத் தொடாத கால்கள். அவை முக்கால் மணி நேரம் நடக்க வேண்டுமாம்.

அன்று மாலை அம்மா வேனைச் சித்தியின் பட்டறைக்கு ஓட்டிச் சென்றார். மூக்கியும் உடன் போனாள். வேன் முக்கி முனகி மலையேறிப் பட்டறை வாசலில் நின்றது. சித்தி புகைக்குழாயின் அருகே குனிந்து, நன்றாக முகர்ந்து பார்த்தார்.

"வாடை எங்கக்கா? ஒண்ணும் இல்லையே!"

"காலையில வந்து பாரு, தெரியும்."

"காலையில ஒரு பெட்டி, சாயந்திரம் ஒரு பெட்டியா மாட்டியிருக்கேன்? ஒரே பெட்டிதான்."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"நான் மாட்டினது சரியில்லன்னு சொல்றியே, அது மட்டும் என்னவாம்?"

இருபது நிமிடம் இப்படியே போயிற்று. இதே சண்டை இதற்கு முன்பு மூன்று முறை நடந்திருந்தது. ஒவ்வொரு முறையும் அம்மா வேனை மலைமேல் கொண்டுபோவார்; ஒவ்வொரு முறையும் வாடை இருக்காது.

மூக்கியும் பட்டறை வாசலில் முகர்ந்து பார்த்திருந்தாள். சித்தி சொன்னது உண்மை. காலையில் தையல்காரர் தெருவிலும் முகர்ந்திருந்தாள். அம்மா சொன்னதும் உண்மை. இருவரும் உண்மையே சொன்னால் சண்டை எப்படித் தீரும்?

இரவு படுக்குமுன் ஒரு பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தாள். பென்சிலைக் கூராக்கி வைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் மூக்கியின் மூக்கு உழைத்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கினாள். குழாயின் அருகே நின்று முகர்ந்தாள். பத்துக்கு மதிப்பெண் போட்டாள். தையல்காரர் தெருவில் ஒன்பது. ரொட்டிக்கடை முனையில் எட்டு. தண்ணீர்த் தொட்டியருகே ஆறு. பிறகு வேன் மலையேறியது. உச்சியில் கடைசியாக ஏறுபவர்கள் இரட்டையர்கள். அங்கே பூஜ்யம். மலையின் மறுபுறம் இறங்கிப் பள்ளி வாசலில் நின்றபோதும் பூஜ்யம்.

மாலையிலும் பூஜ்யம். பிற்பகலில் அம்மா மலைமேலுள்ள தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிச் சென்று இறக்கிவிட்டு, அங்கிருந்து நேராகப் பள்ளிக்கு வருவது வழக்கம்.

"என்னடி இது, வண்டிக்கே பரீட்சை வைக்கிறியா?" என்று இரட்டையரில் பெரியவன் கேட்டான். தம்பியைவிட நான்கு நிமிடம் முன்னதாகப் பிறந்ததால் அவன் பெரியவன்.

"ஆமாம். நீ பேசாம ஏறு. உன் சாக்ஸ் வாடை கணக்குல சேர்ந்துடும்."

புதன்கிழமையும் அதே எண்கள் வந்தன. குறிப்பேட்டைப் பத்து முறை புரட்டினாள். ஒன்பது, எட்டு, ஆறு, பூஜ்யம். ஏன் குறைந்துகொண்டே போகிறது?

மாலையில் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட உட்கார்ந்தாள். யோசனையிலேயே பெட்டியை எடுத்துச் சட்டையின் மீது தேய்த்தாள். ஒரு சுருக்கமும் போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தாள். சட்டை அப்படியே கசங்கிக் கிடந்தது.

"அது சூடாக வேணாமா? இப்பத்தானே ஸ்விட்சைப் போட்டே," என்றார் அப்பா.

மூக்கியின் கை நின்றுவிட்டது.

பெட்டி அதேதான். சட்டையும் அதேதான். சூடு மட்டும் இல்லை.

இஸ்திரிப் பெட்டியை மறவாமல் அணைத்துவிட்டு, ஓடிப்போய்ச் சித்தியைப் போனில் அழைத்தாள்.

"சித்தி, நீங்க மாட்டின பெட்டி சூடானாத்தான் வேலை செய்யுமா?"

"ஆமாம். ஆறிக் கிடந்தா அது வெறும் தகரம்தான். எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயமாச்சே."

"எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது சித்தி."

மறுமுனையில் சித்தி கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"நான் சொல்லலையா?"

"சொல்லல."

"சொன்னேன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்..."

அதற்குள் அம்மா போனை வாங்கிக்கொண்டார். "ஒரு மாசமா என்னோட சண்டை போட்டியே, இதைச் சொல்ல உனக்கு வாய் வரலையா? சரி, விடு. நாளைக்குக் கால் மணி நேரம் முன்னாடியே இஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கிடறேன்."

"அக்கா, நின்ன இடத்துல ஓடவிட்டா..." என்று சித்தி தொடங்கினார். ஆனால் அம்மா போனை வைத்துவிட்டார். பாதிப் பேச்சில் போனை வைப்பதில் அக்காவும் தங்கையும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் அல்லர்.

வியாழக்கிழமை காலை, வேன் வாசலிலேயே நின்றபடி கால் மணி நேரம் உறுமியது. புகை தெருவெங்கும் பரவியது. எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று திறந்தது.

"விடிஞ்சும் விடியாம யார் வீட்டுல இத்தனை பொரிக்கிறீங்க?"

"பொரிக்கல, வண்டியைச் சூடு பண்றோம்!" என்றார் அப்பா.

"எதுவானாலும் சீக்கிரம் இறக்கி வைங்க!"

மூக்கி குனிந்து முகர்ந்தாள். ஒன்பது. கால் மணி நேரத்திற்குப் பிறகும் அதே ஒன்பது. நாய்கள் அன்று நான்காக வந்தன.

தையல்காரர் தெருவில் பொடியன் கிளிப்போடு ஏறினான். "நாளைக்குக் கடைசி நாள் அக்கா. அப்பா எனக்குப் புது ஷூ வாங்கிட்டார். நடக்கிறதுக்கு," என்றான். புது ஷூ கிடைத்த குரலாக அது இல்லை.

மூக்கி அவனருகே உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்தாள். நின்ற இடத்தில் ஓடினால் சூடு ஏறவில்லை. சமதரையில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. மலை ஏறி முடித்தால் பூஜ்யம். ஏன்? மலையேறும்போதுதான் இஞ்சின் உண்மையிலேயே பாடுபடுகிறது. சும்மா நிற்பவனுக்கு வியர்க்குமா? மூட்டை தூக்கி ஓடுபவனுக்கு அல்லவா வியர்க்கும்!

எண்களின் மீது விரலை வைத்து, மேலிருந்து கீழாகப் படித்தாள். பிறகு கீழிருந்து மேலாகப் படித்தாள்.

"அம்மா!" என்று கத்தினாள்.

அம்மா பதறிப்போய் பிரேக் போட்டார். "என்னாச்சு?"

"தலைகீழா போகலாம்மா!"

"வண்டியைக் கவிழ்க்கச் சொல்றியா?"

"இல்லம்மா, வழியைத் தலைகீழா மாத்தலாம். வீட்டுலேர்ந்து நேரா மலை ஏறிடுவோம். முதல்ல இரட்டையர், அப்புறம் தண்ணித் தொட்டி, ரொட்டிக்கடை, கடைசியா பொடியன். அங்கேர்ந்து மலையைச் சுத்தி ஆத்தோரமா பள்ளிக்கூடம். காலி வண்டி மலை ஏறும்போதே பெட்டி சூடாகிடும். பொடியன் தெருவுக்கு வரும்போது பூஜ்யம்!"

அம்மா மனத்துக்குள் அந்த வழியை ஒருமுறை ஓட்டிப் பார்த்தார்.

"பத்து நிமிஷம் கூட ஆகும். நடுவுல இருக்கிறவங்களுக்கு நேரம் அதிகம் மாறாது. ஆனா..." என்று இழுத்தார். "அந்த இரட்டையர் ஒரு மணி நேரம் முன்னாடி எழுந்திரிக்கணுமே. அது நடக்குமா?"

நடக்காது என்றே எல்லாரும் நினைத்தார்கள். இரட்டையர்கள் தூக்கத்துக்குப் பெயர் பெற்றவர்கள். சட்டைப் பொத்தானைத் தவறான துளையில் மாட்டிக்கொண்டு, ஒற்றைச் சாக்ஸோடு, கடைசி நொடியில் ஓடிவந்து ஏறுபவர்கள்.

அன்று மாலை அம்மாவும் மூக்கியும் அவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

"எத்தனை மணிக்கு?" என்றான் பெரியவன்.

"ஆறே முக்காலுக்கு வேன் வரும்."

"அப்ப நாங்க நடுராத்திரி எழுந்திரிக்கணும்!"

"ஆறு மணி நடுராத்திரியா?"

"எங்களுக்கு ஆமாம்," என்றான் சின்னவன்.

உள்ளிருந்து அவர்களுடைய அம்மா குரல் கொடுத்தார். "ஏழு மணிக்கு எழுப்பவே எனக்கு அரைக் குடம் தண்ணி ஆகுது. ஆறு மணிக்குன்னா ஆத்தையே திருப்பி விடணும்!"

மூக்கி கெஞ்சவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. குறிப்பேட்டைத் திறந்து இருவருக்கும் நடுவே வைத்தாள்.

"இது என்ன, உன் கணக்குப் பரீட்சை மார்க்கா?" என்றான் பெரியவன்.

"வாடை மார்க். பத்துக்கு. மேல இருக்கிறது பொடியன் தெரு. கடைசியில இருக்கிறது உங்க வீடு."

இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு படித்தார்கள்.

"நமக்குப் பூஜ்யம்," என்றான் சின்னவன் மெதுவாக.

"அவனுக்கு ஒன்பது," என்றான் பெரியவன். பிறகு தலையைச் சொறிந்தான். "நாம ஏறும்போது ஒண்ணுமே இருக்காதே. அவன் சும்மா பந்தாவுக்குக் கிளிப் மாட்டிக்கிறான்னு நினைச்சோம்."

"கிண்டல் வேற பண்ணினோம்," என்றான் சின்னவன்.

"அடுத்த வாரத்துலேர்ந்து அவன் வேன்ல வர மாட்டான். நடந்துதான் போகணும். முக்கால் மணி நேரம். அவனும் ஆறு மணிக்கு எழுந்திரிக்கணும்," என்றாள் மூக்கி.

"அவனுக்கு என்ன வயசு?"

"ஆறு."

இரட்டையர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரட்டையர்களுக்குள் பேச்சு அப்படித்தான் நடக்கும் போலும்.

"சரி, வர்றோம். ஆனா கடைசி சீட்டு முழுக்க எங்களுக்கு," என்றான் பெரியவன்.

"எதுக்கு?"

"மிச்சத் தூக்கத்தை அங்க தூங்கிக்கிறோம்," என்றான் சின்னவன்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது, வாசலில் சித்தியின் ஸ்கூட்டர் நின்றது. மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். நேராக வேனின் பின்னால் போய் நின்றார். அம்மா இஞ்சினை இயக்கினார். புகை வந்தது. சித்தி முகர்ந்தார், இருமினார், மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"அக்கா... வாடைதான்."

"இதைத்தான் ஒரு மாசமா சொல்றேன்."

"நான் மாட்டினதுல தப்பில்லக்கா. ஆனா சொல்லாம விட்டது என் தப்புதான்."

அம்மா முன்பக்க இருக்கையிலிருந்த பையை எடுத்துப் பின்னால் போட்டார். "ஏறு. நீயும் வந்து பாரு."

எண்ணெய்ச்சட்டி மலையேறியது. முக்கியது, முனகியது, இரண்டாம் கியரில் பிடிவாதமாக ஏறியது. உச்சியில், வீட்டு வாசற்படியில், இரட்டையர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்தபடியே உறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய அம்மா ஒருவனைத் தள்ளினார்; சித்தி மற்றொருவனை இழுத்தார். மூட்டைகளை ஏற்றுவதுபோல் கடைசி இருக்கையில் ஏற்றினார்கள். மூக்கி இறங்கி முகர்ந்தாள். பூஜ்யம்.

தண்ணீர்த் தொட்டி: பூஜ்யம். ரொட்டிக்கடை முனையில், அடுப்பிலிருந்து இறங்கிய ரொட்டியின் மணம் வந்தது. இத்தனை நாளும் அந்த முனையில் ரொட்டி மணத்ததே இல்லை!

தையல்காரரும் பொடியனும் வழக்கம்போல் இடப்புறம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேன் வலப்புறமிருந்து வந்து, அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் நின்றது. இருவரும் துள்ளித் திரும்பினார்கள்.

பொடியன் கிளிப்பை ஏற்கெனவே மாட்டியிருந்தான்.

தையல்காரர் வேனின் பின்னால் போனார். துணியின் தையலைச் சோதிப்பவரைப் போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்து முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். அம்மா ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தார். சித்தி நகத்தைக் கடித்தார். மூக்கி மூச்சையே விடவில்லை.

நாய்கள் இரண்டும் ஓடிவந்தன. குழாயை முகர்ந்தன. ஒன்றையொன்று பார்த்தன. பிறகு ஏமாற்றத்தோடு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டன.

தையல்காரர் நிமிர்ந்தார். கழுத்து நாடாவைச் சரிசெய்துகொண்டார்.

"திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வருவீங்க?" என்று கேட்டார்.

"ஏழே காலுக்குண்ணே!" என்று அம்மாவும் சித்தியும் ஒரே குரலில் சொன்னார்கள்.

பொடியன் ஏறினான். மூக்கியின் அருகே உட்கார்ந்தான். மெல்லக் கிளிப்பைக் கழற்றினான். ஒரு சிறு மூச்சு. பிறகு ஒரு பெரிய மூச்சு.

"மூக்கி அக்கா! ஒண்ணுமே வரல!" 

"அந்தப் பெட்டி ஒரு தூங்குமூஞ்சிடா. மலை ஏத்தினாத்தான் முழிச்சுக்கும். இப்ப முழிச்சுக்கிச்சு."

வேன் ஆற்றோரச் சாலையில் திரும்பியது. பொடியன் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, புது ஷூக் கால்களை ஆட்டியபடி வந்தான். சற்று நேரத்தில், கடைசி இருக்கையிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. முதலில் ஒரு குறட்டை. அதற்குப் பதில் சொல்வதுபோல் இன்னொரு குறட்டை. நான்கு நிமிடம் மூத்ததுதான் பெரிதாக இருந்தது.

பொடியன் கையிலிருந்த கிளிப்பை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா, காதுக்கு மாட்டுற மாதிரி கிளிப் கிடைக்குமா?"

மூக்கி குறிப்பேட்டில் புதிய பக்கத்தைத் திருப்பினாள். மேலே 'குறட்டை' என்று எழுதி, அதன் அடியில் நேராக ஒரு கோடு போட்டாள். சற்றுக் காதுகொடுத்துக் கேட்டாள்.

பத்துக்கு ஒன்பது.